உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி



சென்னையிலிருந்து மேற்கே செல்லும் புகைவண்டி காட்பாடியைக் கடந்ததும், குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பாலாற்றுப் பகுதியில் அமைந்த இவ்வூர்களுக்கும், இவற்றுக்குக் கிழக்கேயுள்ள ராணிப்பேட்டைக்கும் பொதுவான தொழில் ஒன்று உண்டு. அது தோல் பதனிடுதலும் காலணி செய்தலும் ஆகும். 2019-ஆம் ஆண்டில் பழைய வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டது. மாவட்டத்தின் பெயர் மாறினாலும் தொழில் மாறவில்லை. இங்கே தைக்கப்படும் காலணிகள் கடல் கடந்து பல நாடுகளுக்குச் செல்கின்றன.

உலகத்தார் காலுக்குக் காப்புச் செய்து கொடுக்கும் இவ்வட்டாரத்து மக்களை நோக்கி நான் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன். உங்கள் உள்ளங்காலை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? முகத்தை நாள்தோறும் கண்ணாடியில் பார்க்கிறோம். கைகளை எப்பொழுதும் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். ஆனால் பிறந்தது முதல் நம் உடற்பாரம் முழுவதையும் சுமக்கின்ற உள்ளங்காலை, முள் தைத்தால் அன்றி நாம் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்தப் பாராமுகத்தைப் பயன்படுத்திக்கொண்டு வளரும் நோய் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் மெலனோமா. தோலில் தோன்றி, உள்ளுறுப்புகளுக்குப் பரவும் கொடிய புற்றுநோய் அது.

முதலில் ஓர் ஆறுதலைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் இது அரிய நோய். ஆஸ்திரேலியாவில் ஆண்டுதோறும் லட்சம் பேருக்கு முப்பதுக்கும் மேற்பட்டோரை இது பற்றுகிறது. இந்தியாவிலோ லட்சத்துக்கு ஒருவர் என்ற கணக்குக்கும் குறைவு. ஆனால் அருமையிலேயே ஓர் ஆபத்தும் அடங்கியிருக்கிறது. அடிக்கடி காணும் நோயை மக்கள் பெயர் சொல்லி அடையாளம் காண்பார்கள். எப்போதோ ஒருமுறை வரும் நோயை வேறொன்றாக எண்ணி ஏமாந்துபோவார்கள்.

இந்நோயைப் புரிந்துகொள்ளத் தோலின் அமைப்பை அறிய வேண்டும். அதற்குத் தோல் பதனிடும் கூடத்தைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் வேறு இல்லை. ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ கூடத்துக்கு வந்தவுடன், ஊறவைத்துக் கழுவிச் சுண்ணாம்பு நீரில் இடுகிறார்கள். அங்கே மயிர் கழன்றுவிடுகிறது. மயிரோடு மெல்லிய மேல்தோலும் நீங்கிவிடுகிறது. எஞ்சி நிற்பது உள்தோல். அதுதான் பதனிடப்பட்டுக் காலணியாக மாறுகிறது. ஆகவே நாம் தோல் செருப்பு என்று அணிவது விலங்கின் உள்தோலை மட்டுமே.

நம் உடம்பிலும் இதே இரண்டு அடுக்குகள் இருக்கின்றன. மேல்தோல் உடலின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனமே உள்ளது. உள்ளங்காலிலோ அது ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்திருக்கிறது. இந்த மேல்தோலின் அடிவரிசையில், மற்ற உயிரணுக்களுக்கு இடையிடையே, நிறமி செய்யும் உயிரணுக்கள் அமர்ந்திருக்கின்றன. அவை மெலனின் என்னும் கருநிறப் பொருளை ஆக்கி அண்டை அணுக்களுக்கு வழங்குகின்றன. நம் மேனிக்கு மாநிறத்தையும் கருநிறத்தையும் தருவது இதுவே. வெயிலின் கொடிய கதிர்களைத் தடுத்து நம்மைக் காப்பதும் இதுவே. மெலனின் குறைந்த வெள்ளை நிறத்தாரிடம் மெலனோமா மிகுதியாகவும், நம்மிடம் குறைவாகவும் இருப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

அப்படியானால் நமக்குக் கவலை இல்லையா? இருக்கிறது. வெயில் படாத இடங்களிலும் இந்நோய் ஒரு வகை தோன்றுகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகியவையே அதன் இருப்பிடங்கள். இவ்வகை உலகின் எல்லா நிறத்தாரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் காணப்படுகிறது. வெயிலால் வரும் வகை நம்மிடம் மிகக் குறைவாதலால், நம் நாட்டில் மெலனோமா என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் பாதமே ஆகும். மேனி கறுப்பாக இருப்பவருக்குத் தோற் புற்றுநோய் வராது என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கலாம். அந்த நம்பிக்கை உள்ளங்காலின் வாயிலில் வந்து தோற்றுப்போகிறது.

இந்நோய் ஏன் இவ்வளவு விரைவில் பரவுகிறது? அதற்குச் சுவையான விளக்கம் ஒன்று உண்டு. தாயின் கருவில் நாம் உருவாகும்போது, நிறமி அணுக்கள் முதலில் தோலில் இருப்பதில்லை. முதுகின் நடுவே, நரம்பு மண்டலம் உருவாகும் இடத்தருகே பிறந்து, அங்கிருந்து பயணம் செய்தே அவை உடல் முழுதும் உள்ள தோலை அடைகின்றன. பயணம் முடிந்ததும் அடங்கி ஓரிடத்தில் குடியிருக்கின்றன. இவ்வணு புற்றாக மாறும்போது, மறந்திருந்த அந்தப் பழைய பயணத் திறனை மீண்டும் பெற்றுவிடுகிறது என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். முதலில் அது மேல்தோலுக்குள்ளேயே பக்கவாட்டில் படர்கிறது. பிறகு உள்தோலுக்குள் இறங்குகிறது. அங்கே இரத்தக் குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் இருக்கின்றன. அவற்றின் வழியே தொடை இடுக்கிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்கும், பின்னர் நுரையீரல், கல்லீரல், மூளை, எலும்பு ஆகியவற்றுக்கும் செல்கிறது.

உள்ளுறுப்புகளில் காணும் கரிய கட்டிகளை ஒரு தனி நோயாக முதலில் எடுத்துக் கூறியவர் பிரெஞ்சு மருத்துவர் லென்னெக். மார்பொலியைக் கேட்க உதவும் ஸ்டெதஸ்கோப்பைப் பின்னாளில் கண்டுபிடித்தவரும் இவரே. 1804-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் அவர் இந்நோயைப் பற்றி எடுத்துரைத்தார். அதற்கு முன்பே, 1787-இல், லண்டனில் ஜான் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் ஒரு நோயாளியின் தாடைப் பகுதியிலிருந்து இத்தகைய கட்டியை அகற்றியிருந்தார். அது இன்னதென்று அவருக்குத் தெரியாது. ஆயினும் அதைப் பாதுகாத்து வைத்தார். 1968-ஆம் ஆண்டில் அதே கட்டியை நுண்பெருக்காடியில் ஆராய்ந்தபோது, மெலனோமா என்பது உறுதியாயிற்று.

நம் காலத்திலும் உலகறிந்த ஒருவரின் வாழ்க்கை இந்நோயால் முடிந்தது. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லி, தம் கால் பெருவிரலில் இருந்த புண்ணைப் பந்தாட்டத்தில் பட்ட காயம் என்று எண்ணியிருந்தார். 1977-இல் அது நகத்தடியில் தோன்றிய மெலனோமா என்று தெரியவந்தது. விரலை அகற்றுமாறு மருத்துவர்கள் கூறியதை அவர் ஏற்கவில்லை. நோய் உள்ளுறுப்புகளுக்கும் மூளைக்கும் பரவியது. 1981 மே 11-ஆம் நாள், 36-ஆம் வயதில் அவர் மறைந்தார். அவருடைய புகழ் பெரிது. நோய் தொடங்கிய இடமோ ஒரு கால்விரலின் நகத்தடி.

இனி, இவ்வட்டாரத்து மக்கள் இயல்பாகவே கேட்கக்கூடிய ஒரு கேள்விக்கு வருகிறேன். தோல் பதனிடும் தொழிலால் இந்த நோய் வருகிறதா? அவ்வாறு என்பதற்குச் சான்று இல்லை. இதைத் தெளிவாகக் கூறுவது கடமை. அதே சமயம், தொழிலில் உள்ள உண்மையான தீங்குகளை மறைப்பதும் தவறு. டிரம்களில் தோலைப் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறக் குரோமியம். அதன் உறவினனான ஆறிணைதிறக் குரோமியம் கொடியது. அது தோலில் பட்டால் ஆறாப் புண்ணை உண்டாக்கும். மூச்சில் தொடர்ந்து கலந்தால் நுரையீரல் புற்றுநோயை விளைவிக்கும். காலணித் தொழிற்சாலையில் பறக்கும் தோல் தூசு, மூக்கின் உட்குழிவுகளில் அரிய வகைப் புற்றுநோயை உண்டாக்கும் என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு ஏற்றுள்ளது. பாலாற்றங்கரையில் நேர்ந்த கேட்டைக் குறித்து 1996 ஆகஸ்டு 28-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை, சுற்றுச்சூழல் சட்டம் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். இவை வேறு, உள்ளங்கால் மெலனோமா வேறு. எல்லா நோய்க்கும் ஒரே காரணத்தைச் சொல்லும் பழக்கம் நம்மை இரு வகையில் ஏமாற்றும். தொழிற்கூடத்துக்கே செல்லாத ஆசிரியரும் இல்லத்தரசியும் தமக்கு இந்நோய் வாராது என்று இருந்துவிடுவர். தொழிலாளியோ, தொழிலில் வந்த புண்தானே என்று சும்மா இருந்துவிடுவார்.

இந்தச் சும்மா இருத்தல்தான் உயிரைக் குடிப்பது. ஒருவருடைய குதிகாலில் சிறிய கரும்படை ஒன்று தோன்றுவதாக வைத்துக்கொள்வோம். வலி இல்லை, அரிப்பு இல்லை, வேலைக்குத் தடை இல்லை. முள் குத்திக் கன்றிய இரத்தம் என்கிறார் ஒருவர். கால் ஆணி என்கிறார் மற்றொருவர். பிளேடால் சீவிப் பார்க்கிறார்கள். சுண்ணாம்பு வைக்கிறார்கள். கார மருந்து தடவுகிறார்கள். மாதங்கள் கழிகின்றன. படை தடித்துப் புண்ணாகி இரத்தம் கசிகிறது. ஒரு நாள் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறது. அப்போதுதான் மருத்துவமனை நினைவுக்கு வருகிறது. நோய் அதற்குள் உள்ளங்காலை விட்டுப் புறப்பட்டுவிட்டது.

காலம் கடந்தது என்று நாம் சொல்வதை மருத்துவர் மில்லிமீட்டரில் சொல்கிறார். ஆம்பூரில் தோலின் கனம் பார்க்கும் தொழிலாளியைக் கண்டிருப்பீர்கள். சிறிய கருவியில் தோலின் விளிம்பை வைத்து, இது 1.2 மில்லிமீட்டர், இது 1.4 மில்லிமீட்டர் என்று பிரிப்பார். காலணியின் மேற்பாகத்துக்கு எது ஏற்றது என்பதை அந்த அளவு முடிவு செய்கிறது. 1970-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்னும் அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் ஏறத்தாழ இதையே செய்தார். அகற்றப்பட்ட மெலனோமாவின் பரப்பைவிட, அது எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதே நோயாளியின் எதிர்காலத்தை உரைக்கிறது என்று அவர் கண்டார். மேல்தோலுக்குள்ளேயே இருக்கும் நிலையில் அகற்றிவிட்டால் ஏறக்குறைய அனைவரும் நலமடைகின்றனர். ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்டிருந்தாலும் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். நான்கு மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டால் ஆபத்து மிகப் பெரிது. ஒரு காலணித் தோலின் கனத்துக்கும் மூன்று காலணித் தோலின் கனத்துக்கும் உள்ள வேறுபாடே, இங்கே வாழ்வுக்கும் சாவுக்கும் உள்ள வேறுபாடாகிவிடுகிறது.

பரவிய பிறகு மருத்துவம் இல்லையா என்று கேட்பீர்கள். நெடுங்காலம் பயனுள்ள மருந்து இல்லாமலே இருந்தது. 2011-ஆம் ஆண்டு முதல் நிலை மாறியது. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலுக்கு இயற்கையாகவே சில தடைகள் உண்டு. அத்தடைகளை விலக்கினால் அவ்வாற்றலே புற்றணுக்களைத் தாக்கும். இவ்வழியைத் திறந்த ஜேம்ஸ் அலிசனும் ஜப்பானியர் தசுகு ஹொன்ஜோவும் 2018-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றனர். முன்பு சில மாதங்களே வாழ்ந்திருக்கக்கூடிய நோயாளிகள் சிலர் பல ஆண்டுகள் வாழ்கின்றனர். ஆனால் இம்மருந்துகளின் விலை மிகுதி. மேலும், உள்ளங்கால் வகை, வெயிலால் வரும் வகையைப்போல இவற்றுக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. எனவே நமக்கு இன்றும் சிறந்த மருத்துவம், தொடக்கத்திலேயே கண்டு அறுத்தெடுப்பதுதான்.

தொடக்கத்தில் காண்பதற்கு வழிகாட்டியது வேறு எந்த ஊரும் அன்று, வேலூரே. 1900-ஆம் ஆண்டில் அம்மையார் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக இங்கே வளர்ந்தது. 1946-இல் அங்கு வந்து சேர்ந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் கால்களை ஆராய்ந்தார். அவர்களுடைய பாதங்கள் நோயால் தாமே அழுகுவதில்லை. உணர்ச்சி மரத்துப்போனதால், காயம் பட்டும் அறியாமல் நடந்து நடந்தே அவை சிதைகின்றன என்று அவர் நிலைநாட்டினார். 1955-இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. மென்மையான நுண்துளை ரப்பரில் அந்நோயாளருக்கேற்ற காலணிகள் செய்யப்பட்டன. அதனினும் பெரிய மருந்தாக அவர்களுக்கு ஒரு பழக்கம் கற்பிக்கப்பட்டது: நாள்தோறும் உன் பாதத்தைப் பார்.

வலி ஒரு காவலன் என்பதை பிராண்ட் வாழ்நாளெல்லாம் எடுத்துக் கூறினார். காவலன் இல்லாத வீட்டில் வீட்டுக்காரனே விழித்திருக்க வேண்டும். தொழுநோயாளரிடம் அக்காவலனை நரம்பின் சிதைவு அகற்றிவிடுகிறது. நீரிழிவு முற்றியவரிடமும் அவ்வாறே. மெலனோமாவோ, நரம்புகள் நலமாக உள்ளவரிடத்திலும் காவலனை எழுப்பாமல் ஓசையின்றி நுழைகிறது. ஆகவே கரிகிரியில் தொழுநோயாளர் கற்ற பாடம் நம் அனைவருக்கும் உரிய பாடம். ஆண்டுக்கணக்கில் ஆறாத பாதப் புண்ணில் வேறொரு வகைத் தோற் புற்றுநோய் தோன்றுவதும் உண்டு. பார்க்கும் கண் அதையும் கண்டுபிடிக்கும்.

எதைப் பார்க்க வேண்டும்? உள்ளங்காலில் புதிதாகத் தோன்றிய கரும்புள்ளி அல்லது பழுப்புப் படை. ஒரு பாதி மறு பாதியை ஒவ்வாத வடிவம். கரைந்தும் நெளிந்தும் கிடக்கும் விளிம்பு. ஒரே படையில் கறுப்பு, பழுப்பு, சாம்பல் என்று பல நிறங்கள். ஆறு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அகலம். எல்லாவற்றுக்கும் மேலாக, மாறிக்கொண்டே வருதல். நிறமே இல்லாமல் சிவந்த தசைபோல வளரும் வகையும் இருப்பதால், ஆறாத புண் எதையும் ஐயத்தோடு பார்க்க வேண்டும். கால் ஆணி என்று மருந்திட்டும் மாறாததையும் அவ்வாறே கருத வேண்டும். ஒரே ஒரு விரல் நகத்தில் கருங்கோடு தோன்றி அகன்று, நகத்தைச் சுற்றிய தோலிலும் கறுப்பு படர்ந்தால், அது தெளிவான எச்சரிக்கை.

அஞ்சவும் வேண்டாம். உள்ளங்கால் மச்சங்களில் மிகப் பெரும்பாலானவை தீங்கற்றவை. பல நகங்களில் கருங்கோடு இருப்பது நம் நிறத்தாரிடம் இயல்பு. எது எது என்று பிரிப்பது மருத்துவர் வேலை. அதற்கு அவர் கையில் ஒரு சிறு உருப்பெருக்கி இருக்கிறது. நம் உள்ளங்காலில் கைரேகைபோன்ற வரம்புகளும் அவற்றிடையே வாய்க்கால்களும் உள்ளன. தீங்கற்ற மச்சத்தின் நிறம் பெரும்பாலும் வாய்க்காலில் ஓடும். மெலனோமாவின் நிறமோ வரம்பின்மேல் படரும். ஜப்பானிய மருத்துவர்கள் கண்டறிந்த இந்நுட்பம், வயலையும் வரப்பையும் அறிந்த நமக்கு எளிதில் மனத்தில் பதியக்கூடியது. ஐயம் நீங்காவிடில் சிறிதளவு சதையை எடுத்து ஆராய்வார். கத்தி பட்டால் புற்று பரவும் என்ற அச்சம் தவறானது. முறையாகச் செய்யும் சோதனை நோயைப் பரப்புவதில்லை; காலம் கடத்துவதே பரப்புகிறது.

மாணவ நண்பர்களே, உங்களுக்கு ஒரு சிறு பணி தருகிறேன். இன்றிரவு உறங்குமுன் பாதங்களைக் கழுவித் துடைத்து, விளக்கொளியில் பாருங்கள். விரல் இடுக்குகளையும் நகங்களையும் பாருங்கள். பிறகு உங்கள் வீட்டில், குனிந்து தம் பாதத்தைப் பார்க்க முடியாத பாட்டனாரோ பாட்டியாரோ இருப்பார்கள். நாளெல்லாம் டிரம் அருகே நின்றோ, தையல் பொறியின் மிதியை மிதித்தோ களைத்து வந்த தந்தையும் தாயும் இருப்பார்கள். அவர்கள் காலடியில் அமர்ந்து அவர்களுடைய உள்ளங்காலையும் பாருங்கள். பெரியோர் பாதத்தைத் தொட்டு வணங்குவது நம் மரபு. இன்று தொட்டு வணங்குவதோடு நில்லாமல், திருப்பியும் பாருங்கள். ஐயத்துக்குரிய புள்ளி ஒன்று கண்ணில் பட்டால், அடுத்த சந்தை நாள், அடுத்த சம்பள நாள் என்று தள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அந்தப் புள்ளி பெரும்பாலும் வெறும் மச்சமாகவே இருக்கும். ஒருக்கால் அவ்வாறு இல்லாவிட்டால், நீங்கள் பார்த்த அந்த ஒரு நிமிடம் ஓர் உயிரின் விலையாகும்.